ஏற்றத்தில் நிற்கும் ஜீப்: ஃப்யூயல் பம்ப்பை மாற்றும் முன் என்ன பார்க்க வேண்டும்?

சித்தூரிலிருந்து திருப்பதி வரை ஒழுங்காக ஓடிய பெட்ரோல் ஜீப், திருமலை ஏற்றத்தில் திணறி நின்றுவிடுகிறது. ‘பம்ப் போயிடுச்சு, மாத்திடலாம்’ என்பார்கள். அவசரப்பட வேண்டாம்.

தார், ஜிம்னி போன்ற பெட்ரோல் வண்டிகளில் ஃப்யூயல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கும். (டீசல் வண்டி வேறு கதை.) அதைச் சூடாகாமல் காப்பதும் அந்தப் பெட்ரோல்தான். டேங்கில் கொஞ்சமே இருக்கும்போது மலையேறினால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும். பம்ப் காற்றை இழுக்கும். ரிசர்விலேயே ஓட்டும் பழக்கம் பம்ப்பின் ஆயுளைத் தின்றுவிடும்.

சாவியை ‘ஆன்’ வரை திருப்புங்கள். பின்பக்கம் ஓரிரு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்கலையா? முதலில் ஃபியூஸ், ரிலே. பம்ப் வரை கரன்ட் வந்தும் சத்தமில்லை என்றால்தான் பம்ப் மீது சந்தேகம். சத்தம் வந்தும் இழுவை இல்லையென்றால் ஃபில்டர் அடைப்பாக இருக்கலாம். கேஜ் வைத்து பிரஷரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாற்றுவதென்றால், லைனில் பிரஷரை இறக்கி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகே டேங்கில் கை வைக்க வேண்டும். பழைய ரப்பர் சீலையே திரும்பப் போட்டால் கசியும்.

எந்த வண்டியானாலும், பணம் கொடுக்கும் முன் சேஸிஸ் எண்ணைச் சொல்லி ‘ரீகால் இருக்கா?’ என்று ஷோரூமில் கேளுங்கள். 2020 ஜூலையில் மாருதி சுசூகி 1,34,885 வேகன் ஆர், பலேனோ கார்களைத் திரும்ப அழைத்தது. பழுதான ஃப்யூயல் பம்ப்பை மாற்றித் தர அவர்கள் காசு கேட்கவில்லை.