பகுதிப் பல்செட்டும் அதைத் தாங்கும் பற்களும்

சில பற்களை மட்டும் இழந்தவர்களுக்குக் கழற்றி மாட்டும்படி செய்து தரப்படும் பகுதிப் பல்செட், எஞ்சிய இயற்கைப் பற்களைக் கொக்கிகளால் பற்றியே வாயில் நிற்பதால், பிடி கொடுக்கும் அந்தத் தாங்கு பற்களின் நலம் செட் எந்தப் பொருளால் ஆனது என்பதையும் சார்ந்திருக்கிறது.

பல்லின் வேரைத் தாடை எலும்போடு பிணைக்கும் நுண்ணிய நார்கள் பல்லை மிகச் சிறிதளவே அசையவிடுகின்றன. பல் இல்லாத இடத்து ஈறோ அதைவிடப் பல மடங்கு அமுங்குகிறது. எனவே கடைவாய்ப் பற்களையெல்லாம் இழந்தவரின் செட் ஒவ்வொரு கடிக்கும் பின்புறம் தாழ்கிறது. அப்போது முன்னுள்ள கொக்கி தாங்கு பல்லைச் சாய்க்கப் பார்க்கிறது. ஈறுநோயால் எலும்பு கரைந்த பல்லுக்கு இது பெரும் சுமை.

1930களில் பல் மருத்துவத்தில் இடம்பிடித்த கோபால்ட்-குரோமியம் கலவை, அக்ரிலிக்கைவிட 50 மடங்குக்கும் மேல் விறைப்பானது என்பதால், மெல்லிய சட்டமாக வார்த்தாலும் வளையாமல் விசையைப் பல பற்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. பல்லின் மேற்பரப்பில் செதுக்கிய சிறு குழியில் அமரும் உலோக நாக்கு, மெல்லும் விசையை வேரின் நீளவாக்கில் இறக்குகிறது. நார்கள் நன்கு தாங்குவது அந்தத் திசை விசையையே. சட்டத்தை மேல்தாடையில் ஈற்று விளிம்பிலிருந்து 6 மில்லிமீட்டர் வரை விலக்கி அமைக்க முடிவதால் ஈறும் மூடப்படுவதில்லை. ஆனால் அதே விறைப்பு கொக்கியில் தீங்காகவும் மாறக்கூடும்: பல்லின் வளைவுக்குக் கீழே சுமார் 0.25 மில்லிமீட்டருக்கு மேல் உள்வாங்கிய இடத்தில் அது பிடித்தால், கழற்றும்போதெல்லாம் பல்லை இழுக்கும்.

விலை குறைந்ததும் எளிதில் பழுதுபார்க்கக்கூடியதுமான அக்ரிலிக் செட்டுகள் பெரும்பாலும் அத்தகைய நாக்கு இல்லாமல் ஈற்றின்மேலேயே அமர்கின்றன. நாளடைவில் எலும்பு தேயத் தேயச் செட் கீழிறங்கி, அதன் விளிம்பு பல்லின் கழுத்தை ஒட்டிய ஈற்றை அழுத்திப் பின்வாங்கச் செய்கிறது. எனாமல் இல்லாத வேர் வெளிப்பட்டு, அக்ரிலிக்கின் நுண்துளைகளில் தங்கும் கிருமிப் படலத்தால் எளிதில் சொத்தையாகிறது.

ஈற்றின் நிறத்திலேயே கொக்கி அமைவதால் பலரும் விரும்பும் நைலான் செட்டில், தோற்றத்திற்காகக் கொடுக்கும் விலை அதிகம். வளையும் தன்மையால் அது விசையைப் பகிராமல் ஈற்றிலேயே இறக்குகிறது, மெருகேற்றவும் கடினமானது. உலோக ஒவ்வாமை உள்ளோருக்கும் தற்காலிகத் தேவைக்கும் அது பொருந்தலாம். கடைவாய்ப் பற்களே இல்லாதவருக்கு நிரந்தரத் தீர்வாகப் பரிந்துரைப்பது சரியன்று. எலும்பு தேய்ந்தபின் அக்ரிலிக் அடித்தளத்தில் புதிய அடுக்கிட்டு மீண்டும் பொருத்தலாம். நைலானோடு அந்த அடுக்கு எளிதில் ஒட்டாததால், புதுச் செட் செய்யும்வரை தளர்ந்த செட்டின் அழுத்தம் தாங்கு பல்லின் ஈற்றின்மேலும் விழுகிறது.