தேளின் நஞ்சும் நரம்பின் மின்னோட்டமும்

அடுக்கிய செங்கல்லைப் பிரிக்கும்போதும், விறகுக் கட்டையைப் புரட்டும்போதும் நம் கை சற்றுத் தயங்குகிறது. அடியில் தேள் இருக்குமோ என்ற அச்சம்தான் காரணம். கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து மக்களுக்கும் இந்த அச்சம் புதிதன்று. தேள்களில் செந்தேள் மிகக் கொடியது. அது கொட்டினால் கடும் வலியோடு நின்றுவிடுவதில்லை. வியர்வை பெருகும், வாந்தி வரும், கைகால்கள் சில்லிடும், இதயம் தடுமாறும். குழந்தைகளுக்கு உயிராபத்தும் நேரும்.

காலில் ஏறிய ஒரு துளி நஞ்சுக்கு இதயம் வரை எட்டும் வலிமை எப்படி வந்தது? நரம்பணுவின் சவ்வில் ஓடும் நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கக் கற்ற பின்னரே இதற்குத் தெளிவான விடை கிடைத்தது.

நரம்பில் ஓடும் மின்சாரம்

செம்புக் கம்பியில் எலெக்ட்ரான்கள் ஓடுகின்றன. நரம்பிலோ மின்னூட்டம் பெற்ற அணுக்களாகிய அயனிகள் சவ்வின் குறுக்கே பாய்கின்றன. நரம்பணுவின் வெளியே சோடியம் அயனிகள் மிகுதி. உள்ளே பொட்டாசியம் அயனிகள் மிகுதி. ஓய்வு நிலையில் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் அழுத்தத்தில் இருக்கிறது.

சவ்வில் புரதத்தாலான கால்வாய்கள் உள்ளன. தூண்டல் வந்ததும் சோடியக் கால்வாய்கள் திறக்கின்றன; சோடியம் உள்ளே பாய்கிறது. ஏறக்குறைய 1 மில்லிசெகண்டில் அவை அடைபடுகின்றன. பிறகு பொட்டாசியம் வெளியேற, பழைய நிலை திரும்புகிறது. இதுவே ஒரு நரம்புத் துடிப்பு.

அளப்பதில் என்ன சிக்கல்?

ஓர் ஏரியைக் கற்பனை செய்யுங்கள். நீர்மட்டத்திற்கு ஏற்பத் தானே திறந்து மூடும் மதகு அதற்கு உண்டு. மதகு திறந்தால் நீர் வருகிறது. நீர் வந்தால் மட்டம் மாறுகிறது. மட்டம் மாறினால் மதகும் மாறுகிறது. இந்தச் சுழலில், குறிப்பிட்ட ஒரு மட்டத்தில் மதகு எவ்வளவு நீரை விடுகிறது என்று எப்படி அறிவது?

ஒரு வழி உண்டு. உள்ளே வரும் நீரை அவ்வப்போதே ஒரு பம்பு கொண்டு இறைத்து, மட்டத்தை அசையாமல் வைத்திருங்கள். பம்பு இறைத்த நீரின் அளவே மதகு விட்ட நீரின் அளவு.

நரம்பில் செய்வதும் இதுவே. இதனை மின்னழுத்தப் பிடிப்பு முறை எனலாம். ஒரு மின்முனை சவ்வின் அழுத்தத்தைக் கவனிக்கிறது. அழுத்தம் சற்று விலகினாலும், மின்னணுப் பெருக்கி மற்றொரு மின்முனை வழியே எதிர் மின்னோட்டத்தைச் செலுத்தி அதை நிலைநிறுத்துகிறது. செலுத்திய மின்னோட்டத்தை அளந்தால், சவ்வில் ஓடிய அயனி மின்னோட்டம் தெரிந்துவிடும்.

1940-களின் பிற்பகுதியில் அமெரிக்கர் கென்னத் கோல் இம்முறைக்கு வழி வகுத்தார். இங்கிலாந்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் அதைச் செம்மைப்படுத்தினர். அவர்களுக்குக் கைகொடுத்தது, நம் காசிமேட்டில் விற்கும் ஊசிக்கணவாயின் உறவினம் ஒன்று. அதன் பெரிய நரம்பிழை 1 மில்லிமீட்டர் வரை தடித்தது. உள்ளே கம்பியைச் செருக இடம் தருவது.

எந்த அயனி எவ்வளவு பாய்ந்தது? வெளி நீரிலிருந்த சோடியத்தின் இடத்தில் கோலின் என்ற பொருளை வைத்தனர். உள்நோக்கிப் பாயும் முதல் மின்னோட்டம் மறைந்தது. பின்னர் வரும் வெளிநோக்கிய மின்னோட்டம் எஞ்சியது. முன்னது சோடியத்தினுடையது, பின்னது பொட்டாசியத்தினுடையது என்று பிரித்தறிந்தனர். 1952-இல் வெளியான இவ்வாய்வுக்கு 1963-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஒற்றைக் கால்வாயின் மின்னோட்டம்

இவை ஏராளமான கால்வாய்களின் கூட்டு மின்னோட்டங்கள். ஒரே கால்வாயை அளக்க ஜெர்மனியின் எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் 1976-இல் வழி கண்டனர். சில மைக்ரான் முனையுள்ள கண்ணாடிக் குழலைச் சவ்வின்மேல் ஒட்டவைத்தனர். பிற்பாடு, குழலைச் சற்று உறிஞ்சினால் சவ்வு இறுகப் பற்றிக்கொண்டு, ஒட்டிய இடத்தின் மின்தடை 100 கோடி ஓமுக்கு மேல் உயர்வதைக் கண்டனர். மின்சாரம் ஓரத்தில் கசிய வழியில்லாததால், சில பிக்கோ ஆம்பியர் மின்னோட்டமும் தெளிவாகத் தெரிந்தது. 1 பிக்கோ ஆம்பியர் என்பது செகண்டுக்குச் சுமார் 62 லட்சம் சோடியம் அயனிகளின் ஓட்டம்! இவர்கள் 1991-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

செந்தேள் செய்வது என்ன?

இந்தியச் செந்தேளின் அறிவியல் பெயர் ஹாட்டென்டாட்டா தமுலஸ். பெயரிலேயே தமிழ் ஒலிப்பதைக் கவனியுங்கள். அதன் நஞ்சிலுள்ள சில புரதங்கள் சோடியக் கால்வாய் உரிய நேரத்தில் அடைபடுவதைத் தடுக்கின்றன என்று இத்தகைய அளவீடுகள் காட்டின. மதகு மூடாத ஏரிபோல், நரம்பு ஓயாமல் துடிக்கிறது. அட்ரினலின் போன்ற பொருள்கள் இரத்தத்தில் வெள்ளமாய்ப் பெருகி இதயத்தை வருத்துகின்றன.

அதே நஞ்சிலிருந்து 1990-இல் பிரித்தெடுக்கப்பட்ட ஐபீரியோடாக்சின் ஒருவகைப் பொட்டாசியக் கால்வாயை மட்டும் அடைக்கிறது. அந்த வகைக் கால்வாயின் மின்னோட்டத்தைத் தனியே பிரித்தறிய ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகின்றனர். கொல்லும் நஞ்சே அளவீட்டுக்குக் கருவியாயிற்று.

மருத்துவமும் முன்னேறியது. மகாராஷ்டிரத்தின் மகாட் என்னும் சிற்றூரில் பணிபுரிந்த மருத்துவர் இம்மத்ராவ் பவாஸ்கர், செந்தேள் கொட்டியவர்களைப் படுக்கையருகே இருந்து கவனித்து, பிராசோசின் மருந்து பலனளிப்பதை 1980-களில் காட்டினார். அது கால்வாய்களைச் சரிசெய்வதில்லை. பெருகிய அட்ரினலின் வகைப் பொருள்கள் இரத்தக் குழாய்களை இறுக்காமல் தடுத்து, இதயத்தின் சுமையைக் குறைக்கிறது.

ஆகவே தேள் கொட்டினால் கீறுவதும் கட்டுவதும் மந்திரிப்பதும் காலத்தை வீணாக்கும் செயல்கள். குழந்தையாயின் ஒரு நிமிடமும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மில்லிசெகண்டில் மூடவேண்டிய கதவு மூடாமல் நிற்கிறது என்பதை மறவாதீர்கள்.