புதிரில் சிக்கியது யார்?

“எனக்கு மூளையே இல்ல சித்தி.”

படிவம் 2 படிக்கும் என் அக்கா மகன் இப்படிச் சொல்லிவிட்டுக் கணினியின் முன்னிருந்து எழுந்துவிட்டான். நான் உருவாக்கிய புதிர் அறைக்குள் நாற்பது நிமிடமாகச் சுற்றிச் சுற்றி வந்தவன் அவன். அதுவரை என் புதிரைப் பற்றி எனக்குப் பெருமைதான். அந்த ஒரு வார்த்தையில் அது இறங்கிப்போனது.

வானொலியில் பேசுவது என் தொழில். விடுமுறை நாளில் புதிர் விளையாட்டுகளே துணை. அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது, வால்வ் நிறுவனம் 2011இல் வெளியிட்ட ‘போர்ட்டல் 2’. கையில் துப்பாக்கி போன்ற ஒரு கருவி இருக்கும். அது குண்டு போடாது, சுவரில் வாசல் திறக்கும். ஒரு நீல வாசல், ஓர் ஆரஞ்சு வாசல். ஒன்றில் நுழைந்தால் மற்றொன்றில் வெளியே வரலாம். வெள்ளைப் பரப்பில் மட்டுமே வாசல் திறக்கும், கறுப்பில் திறக்காது.

இதில்தான் இயற்பியல் வருகிறது. உயரத்திலிருந்து தரை வாசலுக்குள் குதித்தால், விழுந்த வேகம் அப்படியே இருக்கும், திசை மட்டும் மாறும். சுவர் வாசல் வழியே நாம் முன்னோக்கி வீசப்படுவோம். தாண்ட முடியாத பள்ளத்தை அப்படிப் பறந்து கடக்கலாம்.

2012 மே மாதம், ஆட்டக்காரர்களே அறைகளை வடிவமைக்கும் கருவியை இலவசமாகக் கொடுத்தார்கள். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. சுவரை இழுத்து நீட்டலாம், பெட்டி, பொத்தான், கதவு என்று விரும்பியதை வைக்கலாம். என் அறையில் நடுவே ஓர் ஆழமான பள்ளம், அதன் அடியில் சிறிய வெள்ளைக் கட்டம், மறுகரையில் வெளியேறும் கதவு. விடைக்குத் தேவையான இன்னொரு வெள்ளைப் பலகையை, உள்ளே நுழைபவரின் தலைக்கு மேலே, முதுகுப்பக்கச் சுவரில் வைத்தேன். ‘யாரும் எதிர்பார்க்காத இடம்’ என்று எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

விளையாடிப் பார்த்த மற்றவர்கள் சொன்ன கருத்துகள் கைதட்டலாக இல்லை. “பள்ளத்தில் தவறி விழுந்தால் ஏறி வர வழியில்லை, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது” என்றார் ஒருவர். “விடை இரண்டாவது நிமிடமே தெரிந்துவிட்டது, ஆனால் அந்தச் சின்னக் கட்டத்தில் குறிபார்த்துக் குதிக்க இருபது தடவை முயன்றேன்” என்றார் இன்னொருவர். மூன்றாமவர், “பலகைக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள்” என்று யோசனை சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. பொறுமையில்லாதவர்கள் என்று நினைத்து, மறுப்பு எழுதக்கூட உட்கார்ந்தேன்.

அக்கா மகன் விளையாடியதைப் பக்கத்திலிருந்து பார்த்தபிறகுதான் புரிந்தது. நாற்பது நிமிடத்தில் அவன் ஒரு முறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? அங்கே ஏதோ இருக்கிறது என்று நான் அவனுக்கு எந்தச் சாடையும் காட்டவில்லையே. நான் வைத்தது புதிர் அல்ல, ஒளித்து வைத்த சாவி. யோசித்துக் கண்டுபிடிப்பது வேறு, தடவித் தேடுவது வேறு.

வால்வ் நிறுவனத்தார் தங்கள் விளையாட்டுகளைப் பிறரிடம் கொடுத்து விளையாடவிட்டு, குறுக்கே பேசாமல் கவனிப்பவர்கள். 2007இல் வந்த முதல் ‘போர்ட்டல்’ விளையாட்டில் ஒரு நீண்ட அறை உண்டு. ஒரே பெட்டியைக் கடைசிவரை தூக்கிச் செல்ல வேண்டும். சோதித்துப் பார்த்தவர்கள் அதை வழியிலேயே விட்டுவிட்டு விழித்தார்கள். வடிவமைப்பாளர்கள் அவர்களைக் குறை சொல்லவில்லை. பெட்டியில் இதயம் வரைந்து, ‘இது உன் தோழன்’ என்று சொல்லவைத்தார்கள். அதன்பிறகு யாருக்கும் அதை விட்டுப் பிரிய மனம் வரவில்லை. அந்த விளையாட்டின் மிகப் புகழ்பெற்ற பொருளாகவே அந்தப் பெட்டி மாறிவிட்டது.

இது எனக்குத் தெரியாத பாடமல்ல. நிகழ்ச்சி முடிந்தபின் ஒவ்வொரு நேயரின் வீட்டுக்கும் போய், “நான் சொல்ல வந்தது அது இல்லை” என்று விளக்க முடியாது. காதில் விழுந்ததுதான் சொன்னது. புதிரும் அப்படியே. அறைக்குள் நான் கூட வரமாட்டேன், அறைதான் எனக்காகப் பேச வேண்டும்.

கருத்துகளை மறுபடி படித்தேன். வலிக்கும் இடத்தை அவர்கள் சரியாகவே காட்டியிருந்தார்கள். மருந்தை மட்டும் நான்தான் தேட வேண்டும். அம்புக்குறி போட்டால் விடையையே சொன்னதாகிவிடும். அதனால் பலகையின் அருகே ஒரு விளக்கு வைத்தேன், வெளிச்சம் இருந்தால் கண் தானாக மேலே போகும். பள்ளத்திலிருந்து ஏறி வர வழி வைத்தேன். தரைக் கட்டத்தை அகலமாக்கினேன், சோதிக்க வேண்டியது மூளையை, விரலை அல்ல. முன்னால் ஒரு சின்ன அறை சேர்த்து, சிறிய பள்ளத்தில் குதித்துப் பறக்கும் வித்தையை அங்கேயே பழக்கினேன்.

அடுத்த ஞாயிறு அவனை மறுபடி உட்காரவைத்தேன். முதலில் மறுத்தான். “கோளாறு உன்கிட்ட இல்லடா, நான் கட்டின அறையில” என்று சொன்ன பிறகுதான் வந்தான். வாயைத் திறப்பதில்லை என்ற உறுதியோடு பின்னால் நின்றேன்.

சின்ன அறையைச் சட்டென்று கடந்தான். பெரிய அறையில் நின்றான், விளக்கைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். பிறகு எதிர்ச்சுவரையே உற்றுப் பார்த்தான்.

“சித்தி, இதுல குதிக்கவே வேணாமே!”

மறுகரைச் சுவரில் ஒரு கட்டத்தைக் கறுப்பாக்க மறந்திருந்தேன். அதில் ஒரு வாசல், பக்கத்தில் ஒரு வாசல். நான் வாரக்கணக்கில் யோசித்துக் கட்டிய பள்ளத்தை எட்டிக்கூடப் பார்க்காமல், நடந்தே போய்க் கதவைத் தாண்டிவிட்டான். அன்று மாலை முழுக்க அக்காவிடம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கட்டத்தைக் கறுப்பாக்க ஒரு நொடி போதும். எனக்குத்தான் இன்னும் மனம் வரவில்லை.