தலைவனுக்கு நகை, தானியக்காரனுக்குக் குச்சி

போர் என்றால் சரித்திரப் புத்தகத்தில் வாளும் வில்லும்தான் வரும். படைக்குப் போன சரக்குக்குப் பணம் யார் கொடுத்தார் என்று கேட்பது நம்மைப் போன்ற வியாபாரிகளின் புத்தி. பழைய இங்கிலாந்தின் கதையை அந்தக் கண்ணோடு பார்த்தேன்.

14, 15-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே படைவீரனுக்கு நாள் கூலி. குதிரையில் செல்லும் வில்லாளிக்கு நாளைக்கு 6 பென்ஸ். நைட் பட்டம் பெற்ற வீரனுக்கு 2 ஷில்லிங், அதாவது 24 பென்ஸ். ஆள் திரட்டித் தரும் தலைவனோடு மன்னர் ஒப்பந்தம் எழுதுவார். ஒரே தோலில் இரண்டு படி எழுதி, நடுவே வளைத்து வெட்டி ஆளுக்கொன்று வைத்துக்கொள்வார்கள். தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். வெட்டு பொருந்தாவிட்டால் பொய்ப் பத்திரம்.

1415-இல் ஐந்தாம் ஹென்றி பிரான்சு மீது படையெடுத்தபோது முதல் மூன்று மாதக் கூலியை ரொக்கமாகக் கொடுத்தார். அடுத்த மூன்று மாதத்துக்குக் கையில் காசில்லை. அரண்மனை நகைகளைத் தலைவர்களிடம் ஈடு வைத்தார். அவர் 1422-இல் இறந்த பின்னும் சில நகைகள் மீட்கப்படாமலே கிடந்தன. இருந்தாலும் தலைவன் கையில் பொருள் இருந்தது.

தானியம் கொடுத்தவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மன்னரின் கொள்முதல் ஆட்கள் கோதுமை, ஓட்ஸ், இறைச்சி எல்லாவற்றையும் தாங்களே விலை வைத்து எடுத்துப் போவார்கள். பல நேரம் காசுக்குப் பதில் ஒரு மரக்குச்சி கிடைக்கும். அதில் தொகைக்கேற்ப வெட்டுகள் இருக்கும்: 100 பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலம், 20 பவுண்டுக்குச் சுண்டுவிரல் அகலம், ஒரு பவுண்டுக்குப் பார்லி மணி அளவு. குச்சியை நீளவாக்கில் பிளந்து இரு தரப்பும் பாதிப் பாதி வைத்துக்கொள்ளும். கணக்கில் துளியும் பிசகாது. வசூல்தான் ஆகாது! நாளேடு சுத்தமாக இருந்தும் நிலுவை நிற்கும் வேதனை நமக்குத் தெரியாததா?

அதிகாரிகள் தானியம் எடுத்தால், விற்றவன் தவணைக்கு ஒப்பினாலன்றி, உடனே பணம் தர வேண்டும் என்று 1215-இன் மாக்னா கார்ட்டாவிலேயே எழுதியிருந்தது. பயன் குறைவு. 1362-இல் நாடாளுமன்றம் மறுபடியும் ரொக்கம் கொடுக்கச் சட்டம் செய்தது. கொள்முதல் ஆட்களின் 'பர்வேயர்' என்ற பெயர் மக்களுக்கு அவ்வளவு வெறுப்பு. அதையே 'வாங்குபவர்' என்று மாற்றச் சொன்னது அந்தச் சட்டம். பலகையை மாற்றி எழுதினால் பழைய பாக்கி தீருமா?

1450-இல் ஜாக் கேடு என்பவன் தலைமையில் கென்ட் மாவட்டத்தார் கிளர்ந்தெழுந்தபோது எழுதிய குறைகளில், அரண்மனைக்கு எடுத்த சரக்குக்குப் பணம் வரவில்லை என்பதும் ஒன்று.