உழைக்கும் கைகளுக்கு வல்லாரையும் கொலாஜனும்

நெசவாளருக்குத் தறியும், உழவருக்கு நிலமும், மீனவருக்கு வலையும் மூலதனம் என்று பேரேட்டில் எழுதுகிறோம். இவை மூன்றையும் இயக்கும் கைகளுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. பழவேற்காட்டு ஏரியை அடுத்த காட்டூருக்கும் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களுக்கும் சங்க அலுவலாகச் செல்லும்போது, நம் கண்ணில் முதலில் படுபவை அங்கத்தினரின் கைகளே. உவர்நீரும் பனிக்கட்டியும் வலைக்கயிறும் இறால் ஓடும் அவற்றை வெடிக்கச் செய்துள்ளன. சாயப்பட்டறையில் காஸ்டிக் சோடாவைக் கையாளும் நெசவாளரின் விரல்களும், நாற்று நடும் பெண்களின் விரல்களும் இவற்றுக்குச் சளைத்தவை அல்ல.

இது அழகைப் பற்றிய விஷயம் அன்று. பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்களே நடத்தும் நியாயவிலைக் கடைகளில் இன்று கைரேகை வைத்துப் பொருள் பெறும் முறை உள்ளது. ரேகை தேய்ந்த விரலை இயந்திரம் அறிந்துகொள்ளாவிட்டால், உழைத்தவர் வரிசையில் காத்து நிற்க நேரிடுகிறது. ஆகவே, தோலை ஆற்றும் மூலிகைச் சத்தையும் தோலைப் புதுப்பிக்கும் பொருள்களையும் ஒன்றுசேர்க்கும் புதிய முறைகளைப் பற்றி அங்கத்தினர்கள் தெரிந்துகொள்வது பயனுடையது. விலையுயர்ந்த புட்டிகளின் மேல் அச்சிட்டிருப்பதில் எது உண்மை, எது மிகை என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

தோல் கெடுவது எங்ஙனம்?

நெசவாளர் இதை எளிதில் விளங்கிக்கொள்வர். தோலின் மேற்பரப்பிலுள்ள செல்களைப் பாவு இழைகள் எனக் கொண்டால், அவற்றிடையே நிரம்பியிருக்கும் செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை பாவுக்கு இட்ட கஞ்சியைப் போன்றவை. கஞ்சி போன இழை பிசிறுவிட்டு அறுகிறது. அதுபோலவே இக்கொழுப்பு கரைந்த தோல் ஈரத்தை இழந்து வெடிக்கிறது. வெடிப்பின் வழியே உப்பும் ரசாயனமும் கிருமியும் உட்புகுந்து அழற்சியை உண்டாக்குகின்றன. தோலின் இயல்பு இலேசான அமிலத் தன்மை. சலவைச் சோப்போ காரத் தன்மை உடையது. வேலை முடிந்ததும் அதைக் கொண்டு கையைத் தேய்த்துக் கழுவுவது, எஞ்சிய கஞ்சியையும் அலசிவிடுவதற்கு ஒப்பாகும்.

எனவே செய்ய வேண்டியவை இரண்டு. அழற்சியைத் தணிக்க வேண்டும். போன கஞ்சியை மீண்டும் இட வேண்டும். முதற்பணி மூலிகையுடையது, இரண்டாவது பணி புதுப்பிக்கும் பொருள்களுடையது.

ஆற்றும் மூலிகை

நம் நாட்டில் நினைவாற்றலுக்கென்று பெயர் பெற்ற வல்லாரை, புண்ணாற்றும் மூலிகையும் ஆகும். பிரெஞ்சு ஆய்வாளர் பியேர் புவாத்தோ 1940-களில் மடகாஸ்கர் தீவில் தொழுநோய்ப் புண்களுக்கு வல்லாரைச் சத்தைப் பயன்படுத்தி ஆராய்ந்தார். ஆசியாட்டிகோசைடு, மடேகாசோசைடு முதலியவை அதன் வீரியப் பொருள்கள். இவை அழற்சியைத் தணிப்பதோடு, தோலின் உட்பகுதியிலுள்ள செல்கள் கொலாஜன் என்னும் புரதத்தை உண்டாக்குவதையும் தூண்டுகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

சோற்றுக் கற்றாழையும் இவ்வகையைச் சேர்ந்ததே. 1935-இல் அமெரிக்க மருத்துவர் இருவர் எக்ஸ்-ரே கதிரால் உண்டான தோற்புண்ணுக்கு அதன் பசுமடலைப் பயன்படுத்தி, கண்ட பலனை வெளியிட்டனர். மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் நிறப் பால் தோலை உறுத்தும். அதை வடித்துவிட்டு உள்ளிருக்கும் சோற்றை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

புதுப்பிக்கும் பொருள்கள்

கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. வைட்டமின் பி-5 வகையைச் சேர்ந்த பாந்தெனால் ஈரத்தைக் காத்து, மேற்தோல் சீரடைய உதவுகிறது. செராமைடு, மேலே சொன்ன கஞ்சியையே திரும்ப இடுகிறது. இம்மூன்றும் சோதித்து அறியப்பட்டவை.

இன்று பெரிதும் விளம்பரம் பெறுவது மீன் கொலாஜன். மீனின் தோலிலும் செதிலிலும் இப்புரதம் மிகுதி. ஆனால் ஒன்றைத் தெளிவாக அறிய வேண்டும். தோலுக்குள் எளிதில் புகும் பொருளின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 500-க்குள் இருத்தல் வேண்டும். முழுக் கொலாஜனின் எடையோ சுமார் 3,00,000. ஆகையால் மூடிய தோலின் மேல் பூசிய கொலாஜன் மேலேயே தங்கி ஈரத்தைக் காக்கும். உள்ளே சென்று தோலைக் கட்டாது. திறந்த புண்ணின் நிலை வேறு. அங்கே அது புதிய செல்கள் படர்வதற்குச் சாரமாக நிற்கிறது. சென்னை அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், தோல் பதனிடும் தொழிலோடு நில்லாது, தீப்புண்ணை மூடும் கொலாஜன் தகடுகளையும் ஆராய்ந்தது. பிரேசிலில் பதப்படுத்திய திலேப்பியா மீன்தோலும், ஐஸ்லாந்தில் காட் மீன்தோலும் புண் மூடும் போர்வையாகப் பயன்பட்டுள்ளன. சால்மன் மீனின் டி.என்.ஏ. துண்டுகளும் இப்போது பேசப்படுகின்றன. ஊசி வழியே அவற்றைச் செலுத்திக் கண்ட பலனை வெறும் பூச்சிலும் எதிர்பார்த்தல் பொருந்தாது.

ஒன்றுசேர்த்தல்

மூலிகையை மட்டும் பூசினால் எரிச்சல் அடங்கும். ஆனால் மறுநாள் உப்புநீர் அதே வெடிப்பில் புகும். கொழுப்பை மட்டும் பூசினால் காப்பு உண்டாகும். ஆனால் முன்னரே மூண்ட அழற்சி உடனே தணியாது. இரண்டையும் சேர்ப்பதன் காரணம் இதுவே. மடேகாசோசைடும் பாந்தெனாலும் சேர்ந்த களிம்புகள் பல நாடுகளில் மருந்துக் கடைகளில் விற்பனையாகின்றன.

செய்முறையில் செராமைடையும் எண்ணெய்ப் பொருள்களையும் சூடாக்கிக் கரைத்து, கிளிசரின் கலந்த நீரோடு கடைந்து, கலவை ஆறிய பின்னரே மூலிகைச் சத்தையும் பாந்தெனாலையும் சேர்ப்பர். நீர் உள்ள கலவையில் கிருமி விரைவில் வளரும். அரைத்த பச்சிலைச் சாற்றை அப்படியே கலந்து டப்பாவில் அடைப்பவர் மருந்தைச் செய்யவில்லை; கிருமிக்கு உணவைச் சமைக்கிறார். சாராயச் சத்தில் வடித்து, வீரியம் அளந்து, கெடாமற் காக்கும் பொருள் சேர்த்த சாறே ஏற்றது.

சங்கங்கள் செய்யத் தக்கவை

உரிமம் இன்றி இத்தகைய களிம்புகளைச் செய்து விற்றல் கூடாது. அழகுப் பொருளாயின் 2020-ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகளும், சித்த மருந்தாயின் 1940-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுப் பொருள் சட்டமும் பொருந்தும். கூடம், கருவி, பரிசோதனை எனச் செலவு பெரிது. சிறு சங்கம் தன் பங்கு மூலதனத்தை இதில் முடக்குதல் நன்றன்று என்பது நமது கருத்து.

ஆனால் மூலப்பொருளைத் தூய்மையாக விளைவித்துத் தரும் பணி சங்கத்துக்கு உரியதே. கூட்டுறவு முறையில் 1944-இல் தோன்றிய இம்காப்ஸ் நிறுவனம், மருத்துவர்கள் ஒன்றுகூடினால் மருந்துச் சாலையே நடத்தலாம் எனக் காட்டியது. 1983-இல் அரசு நிறுவிய டாம்ப்கால் நிறுவனமும் மூலிகை மருந்துகளைச் செய்கிறது. விளைவிப்போரும் ஒன்றுகூடினால் இத்தகைய மருந்துச் சாலைகளோடு முன்கூட்டியே விலை பேசலாம்.

வல்லாரை ஈரமும் சிறிது நிழலும் நாடும் கொடி. ஏரியின் உவர் கரை அதற்கு ஆகாது. நன்னீர்ப் பாசனமுள்ள நிலத்திலேயே பயிரிட வேண்டும். சாக்கடை நீரும் ஆலைக் கழிவும் கலந்த இடத்தில் வளர்ந்தால், அவற்றிலுள்ள உலோக நஞ்சை அக்கொடி தன்னுள் ஏற்றுக்கொள்ளும். பச்சை இலை பத்துக் கிலோ உலர்ந்தால் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரைக் கிலோவே தேறும். விலை பேசும் முன் இக்கணக்கைப் பார்த்தல் அவசியம்.

மீனவச் சங்கங்கள் செதிலையும் இறால் ஓட்டையும் குப்பையாக எண்ணலாகாது. இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் புண்கட்டும் துணிகளில் பயன்படுகிறது. 1957-இல் தொடங்கிய கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இத்துறையில் உழைத்துள்ளது. புதிதாய்க் கழுவிப் பனிக்கட்டியில் வைத்த பொருளுக்கே மதிப்பு உண்டு; அழுகியதை எவரும் வாங்கார்.

எச்சரிக்கை

விரலிடுக்கில் உண்டாகும் சேற்றுப்புண்ணுக்கு இக்களிம்பு மருந்தன்று. ஈரத்தைக் காக்கும் பூச்சு அதை மிகுவிக்கவும் கூடும். அதற்கு இடுக்கை உலர வைத்துப் பூஞ்சைக்குரிய மருந்திட வேண்டும். நீரிழிவுடையோரின் காற்புண், சீழ் கொண்ட புண், ஆழ்ந்த வெட்டு ஆகியவற்றை ஆரம்பச் சுகாதார நிலையத்தில் காட்டுதலே முறை. எப்புதிய பூச்சையும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது இட்டு இரண்டு நாள் பார்த்தபின் உபயோகிக்கலாம். மீன் ஒவ்வாதவர் மீன்பொருள் கலந்ததை விலக்குக. களிம்பு வாங்க வசதி இல்லாதோர் வருந்த வேண்டியதில்லை. சாயப்பட்டறையில் ரப்பர் கையுறை, வேலை முடிந்ததும் நன்னீர்க் கழுவல், ஈரம் முற்றும் உலருமுன் சிறிது வாசலின் ஆகிய மூன்றும் குறைந்த செலவில் பெரும்பங்கு காக்கும். சங்கப் பண்டகசாலைகள் முதலில் கையுறையையும் வாசலினையும் அடக்க விலைக்குத் தருவது நலம்.

மலாய் நாட்டில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் பழவேற்காட்டின் பெயரால் ‘பெலிக்கட்’ என்றே பெயர். கடல் கடந்து அப்பெயரை நிலைநிறுத்தியவை இழையின் தரமும் சாயத்தின் உறுதியுமே. இலையானாலும் செதிலானாலும் அதே நாணயத்தோடு அனுப்புவதானால் மட்டும் சங்கங்கள் இப்புதிய துறையில் இறங்கலாம். வரும் பொதுச்சபைக் கூட்டங்களில், இலாபப் பங்கீட்டைப் பேசும் முன், அங்கத்தினர் கைகளுக்குக் கையுறை வாங்க ஒரு தொகை ஒதுக்கும் தீர்மானம் வருமாயின், அதுவே சிறந்த தொடக்கமாகும்.