சரகர் சபதம்: பழைய உறுதிமொழியை இன்றைய மாணவர்கள் அப்படியே ஏற்கலாமா?

மைசூரு தசராவுக்குப் போயிருக்கிறீர்களா? ஜம்பு சவாரி யானைகள் கடந்துபோகும் சயாஜி ராவ் சாலையில்தான் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சமஸ்தான காலத்தில், 1908-ல் தொடங்கியது. ஆயுர்வேத மாணவர்கள் படிக்கும் நூல்களில் முக்கியமானது சரக சம்ஹிதை. நோய், மருந்து மட்டுமல்ல, மருத்துவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதும் அதில் உண்டு.

அதுல என்ன இருக்கு?

விமானஸ்தானம் பகுதியின் 8-வது அத்தியாயத்தில், படிப்பைத் தொடங்கும் மாணவருக்கு அக்னி சாட்சியாக குரு சொல்லும் விதிகள் வருகின்றன. உன் உயிருக்கே ஆபத்து என்றாலும் நோயாளிக்குத் தீங்கு செய்யாதே. நோயாளி வீட்டு விஷயங்களை வெளியே சொல்லாதே. எவ்வளவு தெரிந்திருந்தாலும் பெருமையடிக்காதே. இன்றைய மருத்துவ நெறிமுறை வகுப்பில் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

அப்புறம் ஏன் சர்ச்சை?

2022 மார்ச்சில், எம்பிபிஎஸ் மாணவர்களுக்கும் சரகர் சபதத்தைத் திருத்திய வடிவில் தேசிய மருத்துவ ஆணையம் பரிந்துரைத்தது. கட்டாயமில்லை என்று மத்திய அரசு சொன்னது. ஏப்ரல் 30 அன்று மதுரை மருத்துவக் கல்லூரியில், ஹிப்போகிரட்டிக் உறுதிமொழிக்குப் பதிலாக மாணவர்கள் இதை எடுத்தார்கள். டீன் காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றப்பட்டு, சில நாட்களில் மீண்டும் பொறுப்பேற்றார்.

சபதம் எந்த மரபிலிருந்து வருகிறது என்பதில் அரசியல் இருந்தது. உள்ளடக்கத்திலும் சிக்கல் இருந்தது. கணவரோ உறவினரோ உடன் இல்லாமல் பெண்ணுக்குச் சிகிச்சை தரக்கூடாது என்கிறது மூல நூல். அரசனுக்குப் பிடிக்காதவருக்கும் சிகிச்சை கிடையாது! இரவு 2 மணிக்கு விபத்தில் அடிபட்டுத் தனியாக வரும் பெண்ணை, டியூட்டி டாக்டர் காத்திருக்கச் சொல்ல முடியுமா?

அப்போ தூக்கிப் போட்டுடலாமா?

வேண்டாம். சீனாவிலும் 7-ம் நூற்றாண்டு மருத்துவர் சுன் சிமியாவ், ஏழை பணக்காரர் என்று பார்க்காமல் சிகிச்சை தரச் சொன்னார். மருத்துவ அறம் பேசும்போது இன்றும் அவர் பெயர் வருகிறது. பழைய நூல்கள் அறம் கற்பிக்க உதவும். ஆனால் எழுந்து நின்று ஒப்பிப்பதால் மட்டும் அது வந்துவிடாது. எந்த விதி இன்றும் பொருந்தும், எது பொருந்தாது, ஏன் என்று வகுப்பில் விவாதிக்க வேண்டும். அறிவுள்ளவருக்கு உலகமே ஆசான், எதிராளி சொல்வதையும் கேள் என்று அதே அத்தியாயம்தான் சொல்கிறது.

வேலையில் சேர்ந்த அன்று, கம்பெனியின் நடத்தை விதிகளை முழுசா படிச்சிட்டா 'ஒப்புக்கொள்கிறேன்' பட்டனைத் தட்டினீங்க? மாணவர்களின் உறுதிமொழியும் அப்படி ஆகிவிடக்கூடாது.