அட்டவணைக்குள் அடங்காத அமைதி

1989 செப்டம்பரில் டொயோட்டாவின் லெக்சஸ் எல்எஸ் 400 அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நவம்பரில் நிஸானின் இன்ஃபினிட்டி கியூ45 வந்தது. இரண்டும் ஜப்பானில் செய்த சொகுசு கார்கள். இரண்டிலும் வி8 எஞ்சின், பின்சக்கர இயக்கம், நான்கு கியர் ஆட்டோமேட்டிக். விலையிலும் சுமார் 3,000 டாலர்தான் வித்தியாசம்.

எண்களை மட்டும் பார்த்தால் கியூ45-க்குத்தான் மாலை போடத் தோன்றும். 4.5 லிட்டர் எஞ்சின், 278 குதிரைத்திறன், 396 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. எல்எஸ்ஸுக்கு 4 லிட்டர், 250, 353. நின்ற இடத்திலிருந்து 96 கி.மீ. வேகத்தைத் தொட கியூ45-க்குச் சுமார் 7 வினாடி, எல்எஸ்ஸுக்குச் சுமார் 8. ஓட்டும் சுகத்துக்காகவே கார் வாங்குபவர்கள் கியூ45-ஐக் கொண்டாடுவதில் நியாயம் உண்டு.

ஆனால் சொகுசு காரின் உண்மையான சோதனை பின் இருக்கையில்தான் நடக்கிறது. எல்எஸ்ஸின் தலைமைப் பொறியாளர் இச்சிரோ சுஸுகி, இரைச்சலை மெத்தை திணித்து அமுக்குவதைவிட அது பிறக்கும் இடத்திலேயே தடுக்க முனைந்தார். எஞ்சினிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பாருங்கள். அது சாய்வாகப் பொருத்தப்பட்டால் யுனிவர்சல் ஜாயின்ட்டில் ஒரு வினோதம் நடக்கும். ஒரு முனை சீராகச் சுழன்றாலும், மறுமுனையின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடி இருமுறை குறையும். சாய்வு அதிகமானால் தடுமாற்றமும் அதிகம். அதுதான் அதிர்வாகி, தரைத்தகடு வழியே நம் பாதத்துக்கு வருகிறது. எல்எஸ்ஸில் எஞ்சின், கியர்பாக்ஸ், ஷாஃப்ட் மூன்றையும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் நிறுத்தினார்கள். எளிமையாகத் தோன்றினாலும், இதற்காகக் காரின் அடிப்பாகத்தையே அந்தக் கோட்டைச் சுற்றி வடிவமைக்க வேண்டும். இந்தக் காரில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

காற்றையும் விடவில்லை. இழுவைக் குணகம் 0.29, அன்றைய பெரிய செடான்களில் அபூர்வமான எண். 100 கி.மீ. வேகத்தில் உள்ளே 58 டெசிபல் என்றது டொயோட்டா. பிஎம்டபிள்யூ 735ஐ-யில் 61. மூன்றுதானே என்று தள்ளிவிட முடியாது. டெசிபல் மடக்கை அளவு என்பதால், 3 குறைந்தால் ஒலியாற்றல் பாதியாகிவிடும். காதுக்குப் பாதியாகக் கேட்காது, உண்மை. ஆனால் நீண்ட பயணத்தில் உடம்புக்குத் தெரியும். விளம்பரத்தில் பானட்டின் மேல் ஷாம்பெயின் கோப்பைகளைக் கோபுரமாக அடுக்கி, உருளைகளின் மேல் சக்கரங்களை மணிக்கு 145 மைல் வரை சுழலவிட்டார்கள். கோபுரம் சரியவில்லை. இன்ஃபினிட்டியின் முதல் விளம்பரங்களோ பாறையையும் மரத்தையும் காட்டின. காரைக் காட்டவே இல்லை.

வயதான பிறகு இன்னொரு வேறுபாடு வெளிப்பட்டது. கியூ45-க்கு டைமிங் செயின், எல்எஸ்ஸுக்கு டைமிங் பெல்ட். காகிதத்தில் செயின்தான் உறுதி. ஆனால் தொடக்க கால கியூ45-களில் செயினைத் தாங்கும் வழிகாட்டிகள் பிளாஸ்டிக். ஆண்டுகள் ஓட அவை நொறுங்கத் தொடங்கின, எஞ்சினே ஆபத்தில் சிக்கியது. எல்எஸ்ஸின் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். மறந்துபோய் அது அறுந்தாலும், 1994 வரை வந்த எஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் முட்டாது. கார் நிற்கும், புது பெல்ட் போட்டால் மறுபடி ஓடும்.